அமைதியின் இலக்கணம்

பேசுவதையே பிழைப்பாகக் கொண்ட நாம் பேசாமையைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமற்றதெனச் சிலர்க்குத் தோன்றக்கூடும். நாளொன்றுக்கு நான்கு பாடவேளை. அதன்மேல் மன்றக் கூட்டம், பட்டிமன்றம், மீலாது விழா உரை, நிக்காஹ் மேடையில் வாழ்த்துரை என்று தமிழாசிரியரின் நாவுக்கு ஓய்வென்பதே இல்லை. ஊரில் எந்த மேடை அமைந்தாலும் "தமிழ்த்துறையிலிருந்து ஒருவரை அழையுங்கள்" என்பதே வழக்கம். அத்தகையோர் மௌனத்தைப் போற்றி எழுதுவது மீன் விற்பவர் மரக்கறி உணவைப் போற்றுவது போலாகும் என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நகைப்பு நியாயமானதே. ஆயினும் இப்பொருளை நாம் தேடிச் சென்று எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் நம்மைத் தேடி வந்து தொண்டையைப் பிடித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பருவத்தின் தொடக்கத்தில் நம் குரல் கம்மத் தொடங்கியது. மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் முயன்று பார்த்தும் பயனில்லை. ஒருநாள் முதலாண்டு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் குரல் முற்றிலும் நின்றுபோயிற்று. வாய் அசைந்தது, ஒலி எழவில்லை. மாணவர்கள் முதலில் அதனை நடிப்பெனக் கருதிச் சிரித்தனர். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, குரல்நாண்கள் மிகவும் களைத்துப் புண்பட்டுள்ளன என்றார். பதினைந்து நாட்கள் ஒரு சொல்லும் பேசக்கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் தொண்டையை வருத்தவே செய்யும் என்று கண்டிப்பாகக் கூறி அனுப்பினார்.

நாம் குடியிருப்பது பொத்தேரியில். பெயரின் ஈற்றிலேயே ஏரியைச் சுமந்திருக்கும் ஊர் அது. தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் அருகருகே ஓட, அவற்றை ஒட்டி மாணவர் விடுதிகளும் உணவகங்களும் அடுக்ககங்களும் நெருங்கி நிற்கின்றன. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளும் தொழிற்சாலைச் சரக்குந்துகளும் இரவு பகலாக ஓய்வதில்லை. கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே மின்தொடர் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அமைதியை நாடுவோர் எவரும் தேர்ந்தெடுக்கக்கூடிய இடமன்று. நமக்கோ வேறு இடம் இல்லை. சிறு சிலேட்டு ஒன்றை வாங்கிக் கழுத்தில் தொங்கவிடாத குறையாகக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பதினைந்து நாட்களைத் தொடங்கினோம்.

முதலில் கண்டது ஒரு வேடிக்கை. நாம் பேசாதிருக்கக் கண்ட மளிகைக் கடைக்காரர் தாமும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிசுகிசுத்தார். ஆட்டோ ஓட்டுநரும் அவ்வாறே செய்தார். வீட்டிற்கு வந்த உறவினர்கள் நோயாளியின் அறையில் பேசுவதுபோல் மெல்லப் பேசினர். ஒருவர் வாய் மூடினால் சுற்றியுள்ளோர் குரலும் தானே தணிகிறது என்னும் உண்மையை இருபதாண்டுக் காலம் வகுப்பில் "அமைதி! அமைதி!" என்று உரத்துக் கத்திய நாம் அன்றுதான் அறிந்தோம்.

ஆனால் உள்ளே நிகழ்ந்தது வேடிக்கையன்று. வாய் மூடிய பின்னர்தான் உள்ளிருந்த வாய் திறந்தது. முந்தைய மாதத் துறைக் கூட்டத்தில் ஒருவர் போகிற போக்கில் கூறிய ஒரு சொல்லுக்கு மூன்று நாட்கள் மனத்துக்குள்ளேயே மறுமொழி கூறிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கூர்மையான மறுமொழி. அவருக்கோ தாம் அவ்வாறு கூறியதே நினைவிராது. பிறகு பழைய தோல்விகள் வந்தன. கிடைக்காத பரிசுகள், முடிக்காத முனைவர் பட்ட ஆய்வு, மறைந்த தந்தையாரிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு ஆகியன வரிசையாக வந்து நின்றன. மௌனம் இனிமையானது என்று எழுதுவோரில் பலர் அதனுள் மூன்று நாட்களுக்கு மேல் இருந்து பார்த்ததில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஏரிக்கரைப் பக்கம் நடந்து சென்று ஓரிடத்தில் அமர்ந்தோம். கொக்குகள் நின்றிருந்தன. வண்டி ஒன்று ஓசையுடன் கடந்து சென்றது. கொக்குகள் அசையவில்லை. நாமும் அசையவில்லை. பேரொளி எதுவும் தோன்றவில்லை. அதைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். தோன்றியது ஒன்றே. இத்தனை ஆண்டுகளாக நாம் பேசியவற்றுள் பாதி கற்பிப்பதற்காகப் பேசியது; மறுபாதி பிறர் நம்மை மெச்ச வேண்டும் என்பதற்காகப் பேசியது. இதனை எவரும் நமக்குக் கூறவில்லை. கூறியிருந்தால் மறுத்திருப்போம். அன்று மறுப்பதற்குக் குரல் இல்லை.

வீட்டிற்கு வந்ததும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தன்வரலாற்று நூலான 'அல்முன்கித் மினழ் ழலால்' நினைவுக்கு வந்தது. மாணவப் பருவத்தில் தேர்வுக்காகப் படித்ததை அன்று நமக்காகப் படித்தோம். பக்தாதிலிருந்த நிஜாமிய்யாக் கல்லூரி அக்காலத்து இஸ்லாமிய உலகின் தலைசிறந்த கல்விக்கூடம். அமைச்சர் நிஜாமுல் முல்க் 1091ஆம் ஆண்டில் அதன் பேராசிரியராக இமாமவர்களை அமர்த்தினார். முந்நூறு மாணவர்கள் அவரிடம் பயின்றனர். புகழ் அரண்மனைவரை எட்டியது. அந்நிலையில், 1095ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா பெருமைக்காகவா என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. ஏறத்தாழ ஆறு மாதங்கள் போவதா இருப்பதா என்று தத்தளித்தார். அப்போது நிகழ்ந்ததுதான் வியப்பு: அவர் நா கட்டுண்டது. மாணவரை மகிழ்விக்க ஒருநாளேனும் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல்லும் எழவில்லை. உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தோன்றி உடலில் பரவிய நோய், உள்ளம் தணிந்தாலன்றி மருந்தில்லை என்று கைவிரித்தனர்.

ஒரு பேராசிரியரின் வாழ்வில் இதனினும் பெரிய விபத்து உண்டோ? நம்மைப் போன்றோர்க்கு நிகழ்வது அளவுமிஞ்சிக் கத்தியதால் வரும் தொண்டைப் புண். அவருக்கு நிகழ்ந்தது வேறு. அவருடைய நா தன் தலைவனுக்கு எதிராகச் சாட்சி கூறியது எனலாம். பதவியைத் துறந்து, குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்து, எஞ்சிய பொருளைப் பகிர்ந்தளித்துவிட்டு அவர் டமாஸ்கஸ் சென்றார். அங்குள்ள உமையா பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பார் என்று அவரே எழுதுகிறார். 1106ஆம் ஆண்டில், ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின், நைஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும். அவர் மினாராவிலேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்தார், அதே தொழிலுக்கு வந்தார். 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் அவருடைய பெருநூல் நாற்பது பகுதிகளை உடையது. அவற்றுள் ஒரு முழுப்பகுதி நாவினால் விளையும் தீமைகளைப் பற்றியது. இருபது தீமைகளை அதில் எண்ணிக் காட்டுகிறார். அடுக்குமொழியில் செயற்கையாகப் பேசுவதும் அவ்விருபதுள் ஒன்று. மேடைத்தமிழ் பேசும் நம்மனோர் அந்த இடத்தைச் சற்று விரைவாகக் கடந்துவிடுவதுண்டு!

நம் தமிழகத்திலும் இவ்வழியில் சென்றவர் உண்டு. 1792ஆம் ஆண்டில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் சுல்தான் அப்துல் காதிர் என்னும் பெயருடன் பிறந்து, குணங்குடி மஸ்தான் சாகிபு என்று தமிழுலகம் போற்றும் நிலையை அடைந்தவரையே குறிப்பிடுகின்றோம். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்றவர் அவர். மாமன் மகளை மணமுடிக்கப் பெரியோர் பேசி வைத்திருந்தும் இல்லறத்தை ஏற்காது துறவு பூண்டார். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாட்கள் தனித்திருந்து 'கல்வத்' என்னும் தவத்தை மேற்கொண்டார் என்று அவர் வரலாறு உரைக்கிறது. 2025ஆம் ஆண்டில் ஆர்ப்பாட்டங்களாலும் வழக்குகளாலும் நாளிதழ்களை நிறைத்த அதே குன்றுதான்! இரு நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மனிதர் எவரோடும் பேசாமல் அமர்ந்திருந்தார் என்பதை இரு தரப்பினரும் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

பின்னர்க் காடு மலை எனச் சுற்றி, இறுதியில் சென்னைக்கு வந்து, வடக்கே இராயபுரத்தில் புதர் மண்டிய ஓரிடத்தில் தங்கினார். 1838இல் மறைந்து அங்கேயே அடங்கினார். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் அவரைத் 'தொண்டியார்' என்றனர் என்றும், அதனாலேயே தண்டையார்பேட்டை என்னும் பெயர் வந்தது என்றும் மேடைகளில் கூறப்படுவதுண்டு. நாமும் ஒருகாலத்தில் கூறியதுண்டு. ஆனால் 1693ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்ததாகச் சென்னை வரலாறு காட்டுகிறது. அவர் பிறப்பதற்கு நூறாண்டுகட்கு முந்தைய செய்தி அது. ஓர் ஊருக்குப் பெயரானவர் என்னும் பெருமை அவருக்குத் தேவையில்லை. ஊரையும் பெயரையும் விட்டு ஓடியவருக்கு அப்பெருமையைச் சூட்டுவதில் நமக்குத்தான் ஆர்வம்.

அவரைக் குறித்து நம்மை ஈர்ப்பது வேறொன்று. புதருக்குள் ஒதுங்கிய அவரை நாடி வந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டும் அல்லர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் போன்ற சைவப் பெரும்புலவர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடியதுபோல இவரும் பராபரக்கண்ணி பாடினார். தாயுமானவரின் ஆசிரியர் திருச்சிராப்பள்ளி மௌனகுரு என்பதும், மஸ்தான் சாகிபு ஞானநெறியில் தீட்சை பெற்றதும் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த ஆசானிடமே என்பதும் எண்ணி மகிழத்தக்கன. மஸ்தான் சாகிபின் பாடல்களில் மார்க்க அறிஞர் சிலர் ஏற்காத சொற்களும் உருவகங்களும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி நமக்கில்லை. தனிமையில் ஒருவர் கண்டதைக் கூட்டத்தின் மொழியில் கூற முற்படும்போது இத்தகைய இடர் நேர்வது இயல்பே.

இனி ஓர் எச்சரிக்கை. இஸ்லாம் மௌனத்தை வணங்கும் மார்க்கமன்று. ஜகரிய்யா (அலை) அவர்கள் மூன்று நாட்கள் சைகையால் மட்டுமே பேசியதையும், மர்யம் (அலை) அவர்கள் பேச்சை விலக்கி நோன்பிருந்ததையும் திருமறை கூறுகிறது. ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் நிழலில் ஒதுங்காமலும் அமராமலும் எவரோடும் பேசாமலும் வெயிலில் நின்றுகொண்டு நோன்பிருக்க நேர்ச்சை செய்துகொண்டபோது, அவரைப் பேசச் செய்யுங்கள், நிழலுக்கு வரச் செய்யுங்கள், அமரச் செய்யுங்கள், நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்ற கருத்தில் பெருமானார் பணித்தார்கள். உடலை வருத்துவதும் வாயைப் பூட்டுவதும் தம்மளவில் வணக்கமாகா என்பது இதனால் விளங்கும். பெருமானாரும் ஹிராக் குகையில் தனித்திருந்தார்கள். கி.பி. 610இல் அந்த மௌனத்தில் இறங்கிய முதற்கட்டளை ஓதுமாறு கூறியது. குகையிலிருந்து இறங்கி ஊருக்குத்தான் வந்தார்கள். ரமலானின் இறுதிப் பத்து நாட்களில் பள்ளிவாசலில் தங்கும் இஃதிகாஃபுக்கும் ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. பெருநாள் பிறை கண்டதும் எழுந்து வீட்டிற்குச் செல்ல வேண்டியதுதான்.

1896ஆம் ஆண்டில் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்து பல ஆண்டுகள் பேச்சின்றி இருந்த இரமணரின் வழி வேறு. அதன் பெருமை வேறு. அதனை அளக்க நாம் முனையவில்லை. நமக்கு வகுத்த வழி, சந்தைக்கு நடுவே அமைதியைக் காணும் வழியாகவே தோன்றுகிறது. நக்ஷபந்தி ஞானிகள் வகுத்த நெறிகளுள் 'கல்வத் தர் அஞ்சுமன்' என்பது ஒன்று. கூட்டத்துக்குள் தனிமை என்பது அதன் பொருள். பொத்தேரியிலிருந்து நாள்தோறும் மின்வண்டியில் நின்றபடி பயணம் செய்வோருக்கு இதனினும் ஏற்ற நெறி கிடைப்பது அரிது.

அரபுத்துறை நண்பர் ஒருவர் ஒருநாள் கூறிய விளக்கம் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. தொழுகையில் குனிந்த நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் சிரம் பணிந்த நிலையிலும் உறுப்புகள் தத்தம் இடத்தில் அமைதியுற்று நிற்க வேண்டும். அதற்குத் 'துமஃனீனா' என்று பெயர். அவசரமாகத் தொழுது முடித்த ஒருவரைப் பெருமானார் மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பித் தொழச் செய்த நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. இறைநினைவால் உள்ளங்கள் பெறும் அமைதியைத் திருமறையின் பதின்மூன்றாம் அத்தியாயம் குறிக்கும் சொல்லும், எண்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அமைதியுற்ற ஆன்மாவை அழைக்கும் 'முத்மஇன்னா' என்னும் சொல்லும், இந்தத் துமஃனீனா என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்றார் நண்பர். முதுகெலும்பு நிலைபெறுவதற்கும் ஆன்மா நிலைபெறுவதற்கும் ஒரே சொல்! உள்ளத்தை நேராகப் பிடித்து நிறுத்த நம்மால் இயலாது. உடலை நிறுத்த இயலும். அங்கிருந்து தொடங்கலாம் என்பதே இதன் குறிப்பு.

தமிழிலும் இத்தகையதோர் அழகு உண்டு. 'அமைதி' என்பது 'அமை' என்னும் வினையடியாகப் பிறந்தது. பொருந்துதல், நிறைதல், அடங்குதல் எல்லாம் அதன் பொருள்களே. இலக்கணம் பயின்ற மாணவர்கள் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றையும் அறிவர். பசுவை உவகையினால் தாயென அழைப்பது திணை வழுவே. ஆயினும் அன்பு காரணமாக இலக்கணம் அதனை ஏற்று அமைத்துக்கொள்கிறது. அங்கே பிழையை இல்லையென்று மறைப்பதில்லை. பிழைதான் என்று ஒப்புக்கொண்டு, அதன் காரணத்தையும் கண்டு, இடமளிக்கின்றனர். ஏரிக்கரையில் அமர்ந்திருந்தபோது நமக்குக் கிட்டிய அமைதி வழாநிலையன்று, வழுவமைதியே. முப்பதாண்டுகட்கு முன் மனப்பாடம் செய்த நூற்பாவுக்கு அன்றுதான் உதாரணம் கிடைத்தது.

பொத்தேரிக்கு அப்பால் இரண்டாவது நிலையம் மறைமலைநகர். தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியது. அடிகள் சொற்பொழிவாளராகவே பெரிதும் நினைக்கப்படுகிறார். 'யோகநித்திரை அல்லது அறிதுயில்' என்னும் நூலை எழுதியவரும் அவரே என்பதை அவ்வழியே நாளும் பயணம் செய்வோருள் எத்தனை பேர் அறிவர்? பல்லாவரத்து இல்லத்தில் நூல்களுக்கு நடுவே அவர் கழித்த நெடும்பொழுதுகளே மேடையில் முழக்கமாயின. இதை ஓர் இடைப்பேச்சாகவே கூறினோம். பொருளுக்கு வருவோம்.

சமுதாயப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இனிக் கூறுவது அவர்களையும் நம்மையும் ஒருங்கே சார்ந்தது. அமைதியைப் போதிக்கும் கூட்டங்களை நாம் எத்தனை ஒலிபெருக்கிகள் வைத்து நடத்துகின்றோம்! பாங்கைப் பற்றி நாம் பேசவில்லை. அது சில நிமிடங்களில் நிறைவுறும் அழைப்பு. இரவு பதினொரு மணிக்கும் ஓயாத தெருமுனைக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றோம். பக்கத்து வீட்டில் நோயாளி இருப்பார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். அவ்வீடு எந்த மதத்தினருடையதாயினும் அண்டை வீட்டாரின் உரிமை அவர்களுக்கு உண்டு. 2000ஆம் ஆண்டு மைய அரசின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. கல்விக்கூடம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அளவுக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் இடமளிக்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபலே எல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னையின் குடியிருப்பு ஒன்றில் வாழ்வோர் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியால் வழிபட வேண்டுமென எந்தச் சமயமும் கூறவில்லை என்ற கருத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு ஒரு தேவாலயத்தைப் பற்றியது. தீர்ப்பு எல்லார்க்கும் உரியது. சட்டம் வந்து நம் கதவைத் தட்டுமுன் நாமே ஒலியைக் குறைத்தால் அதற்கு நன்மை எழுதப்படும் என்று நம்புகின்றோம்.

மாணவர்களுக்கும் ஒன்று உண்டு. இன்றைய மின்வண்டிப் பெட்டி முன்னைக் காலத்தைவிட அமைதியானது போலத் தோன்றும். எவரும் எவரோடும் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொருவர் காதிலும் ஒரு சந்தை நடக்கிறது. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலார் டிமோதி வில்சனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓர் அறையில் பதினைந்து நிமிடங்கள் கைப்பேசியோ நூலோ இன்றித் தனித்து அமர வேண்டும். அறையில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் மின்னதிர்ச்சி. அவ்வதிர்ச்சியை முன்னரே சுவைத்து, பணம் கொடுத்தேனும் அதைத் தவிர்ப்போம் என்று கூறியவர்களே ஆய்வில் கருதப்பட்டனர். ஆயினும் ஆண்கள் பதினெண்மரில் பன்னிருவர், பெண்கள் இருபத்து நால்வரில் அறுவர், வாளா அமர்ந்திருக்க மாட்டாமல் பொத்தானை அழுத்திக்கொண்டனர்! தம்மோடு தாம் இருப்பதைவிட மின்னதிர்ச்சி மேல் என்று தோன்றும் நிலை கைப்பேசியால் மட்டும் வந்ததன்று. கைப்பேசி அந்தப் பொத்தானை நம் சட்டைப்பையில் கொண்டுவந்து வைத்தது.

எல்லா மௌனமும் போற்றத்தக்கதன்று என்பதையும் கூறிவிட வேண்டும். நம் பாட்டியார் சுபுஹுத் தொழுதபின் முசல்லாவைவிட்டு எழாமல் தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி வெயில் ஏறும்வரை அமர்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். சிறுவயதில் அதனை அமைதியின் வடிவமாகவே கண்டோம். வளர்ந்தபின் வேறொன்றும் புரிந்தது: அவ்வீட்டில் எந்தச் செய்தியிலும் அவர் கருத்தை எவரும் கேட்டதில்லை. அவருடைய மௌனத்தில் எவ்வளவு அவர் தேடியது, எவ்வளவு அவர்மீது சுமத்தப்பட்டது என்பதை இனி அறிய இயலாது. இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம். பிறர் வாயை மூடிவிட்டு அதற்கு ஞானம் எனப் பெயரிடுவது கொடுமை. அவ்வாறே கைக்கூலி வாங்கிய வீடு எது என்று ஊர் முழுதும் அறிந்திருந்தும் ஜமாஅத் கூட்டத்தில் எவரும் வாய் திறவாத மௌனமும் அமைதியன்று. நல்லதைப் பேச இயலாதபோது வாய்மூடி இருக்கச் சொன்ன மார்க்கமே, அநீதியின்முன் உண்மையைப் பேசவும் சொன்னது.

மற்றொன்று. உறக்கமின்றி, உண்ண மனமின்றி, வாழ்வில் பிடிப்பின்றித் தவிக்கும் மாணவரிடம் "தனியே அமர்ந்து தியானம் செய்" என்று அறிவுரை கூறுவது தவறு. தனிமை அவரை மேலும் வருத்தக்கூடும். அவருக்கு வேண்டியது அருகில் அமர்ந்து கேட்கும் ஒருவர், வேண்டுமாயின் மருத்துவர். இமாம் கஸ்ஸாலி அவர்களுக்கும் மருத்துவரை அழைத்தார்கள் என்பதை மறக்கலாகாது.

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களோடு ஒரு சிறு முயற்சி செய்தோம். பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடங்கள். கைப்பேசிகள் பையில், கண்களை மூடுவதும் திறந்திருப்பதும் அவரவர் விருப்பம், எந்த மந்திரமும் திக்ரும் வற்புறுத்தப்படவில்லை. வகுப்பில் எல்லாச் சமயத்தினரும் உள்ளனர். முதல் நாள் ஒருவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் வெளியே சென்றார். ஒருவர் உறங்கிவிட்டார். மூன்றாம் வாரத்தில் கடைசி வரிசை மாணவர் ஒருவர், "ஐயா, மேலே இருக்கும் மின்விசிறிகளில் ஒன்று மட்டும் வேறு ஓசை எழுப்புகிறது, இரண்டு ஆண்டுகளாக இதே வகுப்பில் இருக்கிறேன், இன்றுதான் கேட்டேன்" என்றார். வகுப்பு சிரித்தது. நமக்கு அது பெரிய செய்தியாகப் பட்டது. மற்றொருவர் வகுப்பு முடிந்தபின் தனியே வந்து, ஐந்து நிமிடமும் தம் தாயாரிடம் காலையில் கத்தியதே நினைவில் நின்றது என்று கூறி, விடுதி வாயிலில் நின்று தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். வேறு சிலருக்கு எதுவும் நேரவில்லை; அதையும் நேர்மையாகக் கூறினர்.

இதனைக் கல்லூரி முழுமைக்கும் முதற்பாடவேளையில் கொண்டுவரலாம் என்பது நம் வேண்டுகோள். நம் கல்லூரி நாளில் அமைதிக்கு இடம் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளது என்பதை மாணவர்கள் கவனித்ததுண்டோ? சுபுஹு, மஃரிபு, இஷா ஆகிய தொழுகைகளில் இமாம் உரக்க ஓதுகிறார். லுஹரிலும் அஸரிலும் மெல்லத் தமக்குள்ளேயே ஓதுகிறார். கல்லூரி நேரத்தில் நாம் தொழுவது இவ்விரண்டையும்தான். ஊர் மிகவும் இரையும் பகற்பொழுதின் தொழுகைகளே ஒலியடங்கியவையாக அமைந்துள்ளன. தொழச் செல்லாத பிற சமய மாணவர்க்கும் அத்தகையதொரு பொழுது கிடைக்கட்டும் என்பதே நம் விருப்பம்.

பாடத்திட்டம் முடியாதே என்று கேட்போர் உண்டு; துறைக் கூட்டத்திலும் கேட்டனர். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பருவத்துக்குத் தொண்ணூறு வேலைநாட்கள். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம். ஆக 450 நிமிடங்கள். ஐம்பது நிமிடப் பாடவேளைகள் ஒன்பது. அந்த ஒன்பதையும் பிற துறையினர் தர மனமில்லாவிடில் தமிழ்ப் பாடவேளையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பருவத்தில் நாம் சொன்னதையே திரும்பச் சொல்லும் வகுப்புகளைக் கூட்டினால் ஒன்பதுக்குக் குறையாது.